நமக்காகத் தேடும் கணினி



பண்டார் தெங்காராவைச் சுற்றிலும் செம்பனைத் தோட்டங்கள். அங்கே குலை வெட்டுபவர் நிரை நிரையாக நடக்கிறார். ஒவ்வொரு மரத்தடியிலும் உதிரிப் பழம் கிடக்கிறதா என்று பார்க்கிறார். கிடந்தால் மேலே குலை பழுத்துவிட்டது என்று அறிகிறார். இல்லையென்றால் அடுத்த மரத்துக்குப் போகிறார். இணையத்தில் ஒன்றைத் தேடுவதும் பல வேளைகளில் இப்படிப்பட்ட வேலைதான். அதைக் கணினியிடம் ஒப்படைப்பது எப்படி, அதனால் வரும் நன்மை தீமை என்ன என்று இன்று பார்ப்போம்.

இந்தியாவில் 2021 மே 1ஆம் நாள் முதல், 18 வயதிலிருந்து 44 வயது வரை உள்ளவர்களுக்குக் கொரோனா தடுப்பூசி திறந்துவிடப்பட்டது. முதலில் 'கோவின்' என்ற அரசுத் தளத்தில் பதிவு செய்தவர்களுக்கே ஊசி கிடைத்தது. மாவட்டத்தைப் படிவத்தில் நிரப்பித் தேட வேண்டியிருந்தது. இடம் இல்லை என்று வந்தால் மறுபடி நிரப்ப வேண்டியிருந்தது. திறக்கும் இடங்களோ கண் மூடித் திறப்பதற்குள் நிரம்பிவிட்டன.

சென்னையைச் சேர்ந்த நிரலாளர் பெர்ட்டி தாமஸ் இதற்கு ஒரு வழி கண்டார். நிரல் என்பது கணினிக்கு நாம் எழுதிக் கொடுக்கும் கட்டளைப் பட்டியல். 'இந்த மாவட்டத்தைக் கேள். பதிலில் காலி இடம் இருக்கிறதா என்று பார். இருந்தால் செய்தி அனுப்பு. இல்லையென்றால் சற்றுப் பொறுத்து மறுபடியும் கேள்.' இவ்வளவுதான் அதன் சாரம். கணினிக்குச் சலிப்பில்லை, தூக்கமில்லை. 'அண்டர்45' என்ற அவருடைய தளமும், டெலிகிராம் வழியாக வந்த அறிவிப்புகளும் ஏராளமானோருக்கு உதவின. காலி இடத்தைச் சொல்வதோடு அந்த நிரல் நின்றுவிட்டது. பதிவு செய்வது அவரவர் கையில் இருந்தது.

கருவிக்கும் அளவு வேண்டும். ஆயிரம் பேருடைய நிரல்கள் ஓயாமல் கேட்டால் தளம் திணறிப் போகும். ஆகவே ஓர் இணைய முகவரியிலிருந்து 5 நிமிடத்தில் 100 கேள்விகளுக்கு மேல் கேட்கக் கூடாது என்று கோவின் வரம்பு வைத்தது.

இங்கே நாம் ஆழ்ந்து நினைக்க வேண்டியது ஒன்றுண்டு. காலி இடத்தை எல்லாருக்கும் அறிவிக்கும் நிரல் பொது உதவி. தன் வீட்டாருக்கு மட்டும் இடத்தைப் பிடித்துக்கொள்ளும் நிரல், வரிசையில் இடித்து முன்னேறுவதற்குச் சமம். திறன்பேசி இல்லாதவர் நிலை இன்னும் மோசம். அவர் வரிசையிலேயே இல்லை. இந்திய உச்ச நீதிமன்றமும் 2021 மே 31ஆம் நாள் ஆணையில், இணையத்தை மட்டுமே நம்பிய இந்த ஏற்பாடு எளியவர்களை ஒதுக்கிவிடாதா என்று கேட்டது. ஜூன் மாதத்தில் முன்பதிவு கட்டாயமில்லை என்றாயிற்று. நேரில் போய்ப் பதிந்து ஊசி போட்டுக்கொள்ள முடிந்தது.

நம் நாட்டிலும் 2021 மே 26ஆம் நாள் அஸ்ட்ராஸெனெகா ஊசிக்கு இணைய முன்பதிவு திறந்தபோது, பலர் பதிய முடியாமல் தவித்தனர். அமைச்சர் கைரி ஜமாலுடின் பொதுமக்களிடம் மன்னிப்புக் கேட்டார்.

உங்கள் பிள்ளைகள் கணினி கற்கிறார்களா? நிரல் எழுதட்டும், நல்ல கல்விதான் அது. மூன்று விதிகளைச் சொல்லிக் கொடுங்கள். தளத்தின் விதிமுறையைப் படித்து, அது அனுமதித்தால் மட்டும் தேட வேண்டும். கேள்விக்குக் கேள்வி இடைவெளி விட வேண்டும். பிறருடைய அடையாள அட்டை எண்ணைப் போட்டுத் தேடக் கூடாது. பெரியவர்களுக்கும் ஒன்று: 'நான் பதிந்து தருகிறேன்' என்று யார் சொன்னாலும், கைப்பேசிக்கு வரும் ஒருமுறைக் கடவு எண்ணைச் சொல்லிவிடாதீர்கள்.

எந்த உதவியானாலும் 'இணையத்தில்தான் பதிய வேண்டும்' என்று சொன்னால், 'முகப்பிடம் எங்கே இருக்கிறது?' என்று தயங்காமல் கேளுங்கள். கருவி இல்லாதவருக்கும் ஒரு கதவு திறந்திருக்க வேண்டும். அதைக் கேட்பது நம் உரிமை.