தேரை இழுப்பதா பெரிது, நிறுத்துவதா?

சித்திரைத் தேரன்று ஸ்ரீரங்கத்தில் வடம் பிடிக்க ஆயிரக்கணக்கில் கூட்டம் சேரும். முட்டுக்கட்டை போடுபவர்களோ சிலர்தான். நம்பெருமாளின் தேர் சித்திரை வீதிகள் நான்கையும் சுற்றி நல்லபடியாக நிலைக்கு வருவது அந்தச் சிலரின் கையில் இருக்கிறது. 1383இல் விருப்பண்ண உடையார் ஏற்படுத்தியதால் ‘விருப்பன் திருநாள்’ என்று பெயர் பெற்ற இந்த விழா, இயற்பியலுக்கும் ஒரு திருநாள்.

தேரின் எடை 100 டன் என்று வைத்துக்கொள்வோம். அந்த 100 டன்னை யாரும் தூக்குவதில்லை, தரை தாங்கிக்கொள்கிறது. வடம் பிடிப்பவர்கள் வெல்ல வேண்டியது உராய்வை மட்டும்தான். சமதளத்தில் உருளும்போது எடையில் ஐம்பதில் ஒரு பங்கு தடை இருந்தால், 2 டன் இழுவிசை போதும். ஆளுக்கு 25 கிலோ இழுத்தால் 80 பேர்! நின்ற தேரைக் கிளப்பத்தான் கூடுதல் விசை தேவை. பின்சக்கரத்துக்கு நெம்புதடி கொடுப்பது அதற்காகத்தான்.

கிளம்பிய தேர் நொடிக்கு ஒரு மீட்டர் நகர்கிறது என்போம், மெதுவான நடைதான். எல்லோரும் ஒரே கணத்தில் வடத்தை விட்டாலும், அது இரண்டரை மீட்டர் ஓடித்தான் நிற்கும். 10 சென்டிமீட்டருக்குள் நிறுத்த வேண்டுமானால் சுமார் 50 டன் விசை வேண்டும். எத்தனை பேர் எதிர்த்து நின்றாலும் ஆகாத காரியம்.

ஆப்பு வடிவ முட்டுக்கட்டை இங்கேதான் உதவுகிறது. சக்கரம் அதன்மேல் ஏறப் பார்க்கும். கட்டை தரையில் உரசும். ஏற ஏற, தேரின் எடையே அதைப் பின்னுக்குத் தள்ளும். உராய்வை விட்டுவிட்டுப் பார்த்தாலும், முழுத்தேரும் 5 சென்டிமீட்டர் உயர்ந்தால் அந்த வேகம் தீர்ந்துவிடும். 300 டன் தேருக்கும் இதே 5 சென்டிமீட்டர்தான். எடை கூடினால் ஓட்டத்தின் வலு கூடும். பின்னுக்குத் தள்ளும் விசையும் அதே அளவில் கூடும்.

சுமார் 300 டன் எடையுள்ள திருவாரூர் ஆழித்தேருக்கு இரும்புச் சக்கரங்களையும் ஹைட்ராலிக் பிரேக்கையும் பொருத்திக் கொடுத்தது திருச்சி பெல் நிறுவனம். இருந்தும் முட்டுக்கட்டைக்கு அங்கே ஓய்வில்லை.

பத்தாம் வகுப்பில் ‘இயக்க விதிகள்’ நடத்தும் ஆசிரியர்கள் இந்தக் கணக்கைக் கரும்பலகையில் போட்டுக் காட்டலாம். தேர் பார்க்கப் போகிறவர்களுக்கு ஒரு வார்த்தை: தேர் எவ்வளவு மெதுவாக வந்தாலும் சக்கரத்தின் பாதையில் நிற்காதீர்கள், முட்டுக்கட்டைக்காரர் விலகச் சொன்னால் உடனே விலகுங்கள்.