சுத்தியல் யார் தலையில் விழுகிறது?

ஏலமலையின் இரு பக்கமும் இரண்டு மொழிகளில் பார்த்துச் சிரித்த ஒரே காட்சி. சிலருக்கு அது காட்டுத்தனம், சிலருக்கு அது ஆறுதல்.

விடிந்தும் விடியாத நேரத்தில் கம்பம் பள்ளத்தாக்கிலிருந்து ஜீப்புகள் மலையேறத் தொடங்கிவிடும். குமுளி வழியாகச் சில, கம்பம்மெட்டு வழியாகச் சில. உள்ளே மடியில் தூக்குவாளியோடு நெருக்கியடித்து உட்கார்ந்திருக்கும் பெண்கள் சக்குபள்ளம், அணக்கரை, வண்டன்மேடு பக்கத்து ஏலத்தோட்டங்களுக்குக் காய் எடுக்கவும் களை எடுக்கவும் போகிறவர்கள். சாயங்காலம் அதே நெருக்கடியில் இறக்கம். முழங்கால் மரத்துப்போன அந்தப் பயணத்தில் யாருடைய செல்போனிலிருந்தாவது வடிவேலுவின் அலறல் கேட்டால், 'நேசமணி' என்று பெயர் சொல்ல யாரும் தேவையில்லை. குரலே போதும்.

'பிரெண்ட்ஸ்' படம் 2001 பொங்கலுக்கு வந்தது. விஜய், சூர்யா, ரமேஷ் கண்ணா மூவரும் ஜமீன் அரண்மனைக்கு வெள்ளையடிக்கப் போகிறார்கள். கூட்டிப்போகும் கான்ட்ராக்டர் நேசமணியாக வடிவேலு. பழைய கடிகாரம் நொறுங்குகிறது. கரி கொட்டுகிறது. மேலே நிற்கும் ரமேஷ் கண்ணாவின் கை நழுவிய சுத்தியல் கீழே நிற்கும் நேசமணியின் மண்டையில் விழுகிறது. வேறெதுவும் இல்லை. புத்திசாலித்தனமான வசனமோ மறைபொருளோ இந்தச் சிரிப்புக்குத் தேவைப்படவில்லை.

இந்தச் சுத்தியல் முதலில் விழுந்தது மலையாளத்தில். இயக்குநர் சித்திக் இதே கதையை இதே பெயரில் 1999-ல் எடுத்திருந்தார். ஜெயராம், முகேஷ், ஸ்ரீனிவாசன் நண்பர்கள். தலையில் வாங்கியவர் ஜகதி ஸ்ரீகுமார், லாசர் இளையப்பன் என்ற பாத்திரத்தில். இரண்டு ஆண்டு கழித்து அவரே தமிழில் எடுத்தார். இரண்டுக்கும் இளையராஜாதான் இசை. ஆகவே இரண்டு மொழியும் புழங்கும் சக்குபள்ளம் போன்ற ஊரில் இந்தப் படத்தைப் பற்றிய முதல் அபிப்பிராய பேதம் நல்லதா கெட்டதா என்பதல்ல. ஜகதியா, வடிவேலுவா என்பதுதான். ஜகதி கோபத்தை அடக்கிக்கொண்டு முகத்தால் சிரிக்க வைத்தார் என்பது மலையாள ரசிகர் கட்சி. வடிவேலு உடம்பு முழுவதையும் பந்தயத்தில் வைத்தார் என்பது தமிழ்க் கட்சி. நல்லவேளையாக இந்த வழக்கு எந்த நீதிமன்றத்துக்கும் போகவில்லை.

முகம் சுளிக்கிறவர்களும் உண்டு. அவர்களை எளிதில் தள்ளிவிட முடியாது. ஒருவன் அடிபடுவதைப் பார்த்துக் குழந்தைகளைச் சிரிக்கப் பழக்குவது என்ன ரசனை என்கிறார்கள். தமிழ்ப் படக் காமெடி என்றாலே அடி, உதை, கறுப்பு, குண்டு, வழுக்கை என்று உடம்பைக் கிண்டல் செய்வதுதானே என்று சலித்துக்கொள்கிறார்கள். இதில் உண்மை இருக்கிறது. 1989-ல் வந்து மதுரையில் ஓராண்டுக்கு மேல் ஓடிய 'கரகாட்டக்கார'னில் செந்தில் வாழைப்பழத்துக்காக வாங்கும் அடியைத் தமிழ்நாடு இன்றும் கொண்டாடுகிறது. அந்த ஜோடியின் படங்களில் கவுண்டமணியின் வாய்க்குத் தப்பிய உடல் குறை எதுவும் இல்லை. சாரத்தில் நின்று வேலை செய்கிறவர்களுக்கு இன்னொரு சங்கடமும் உண்டு. மேலிருந்து விழும் சுத்தியல் அவர்கள் தொழிலில் நிஜமாகவே ஆளைக் கொல்லும். தலைக்கவசம் இல்லாமல் நிற்கிறவனுக்கு அது சினிமா அல்ல.

ஆனாலும் கூலிக்காரர்களே இந்தக் காட்சிக்கு விழுந்து விழுந்து சிரிப்பது ஏன்? விடை, அடி எந்தத் திசையில் போகிறது என்பதில் இருக்கிறது. கவுண்டமணி மேலே நின்று கீழே உள்ளவனை உதைக்கிறார். இங்கே அடி வாங்குவது மேஸ்திரி. வேலைக்காரனின் கை நழுவுகிறது, வேலை வாங்குகிறவனின் மண்டை வீங்குகிறது. எவன் மேலும் பழி இல்லை, கைதானே நழுவியது! நாள் முழுக்கக் கங்காணியின் குரலைக் கேட்டுக்கொண்டு குனிந்து காய் எடுத்த ஒருத்திக்கு இதில் கிடைக்கும் திருப்தியை ரசனைக் குறைவு என்று ஒதுக்குவது சுலபம், ஆனால் சரியல்ல. ஆணி பிடுங்கச் சொன்னவனிடமே எந்த ஆணி என்று விளக்கம் கேட்டு அவன் உயிரை எடுக்கும் காட்சியும் அந்த ரகம்தான். முதலாளி சொன்னதை அட்சரம் பிசகாமல் செய்து வேலையைக் கெடுப்பது தொழிலாளியின் பழைய தந்திரம்.

இது சினிமா கண்டுபிடித்ததும் அல்ல. தென் மாவட்டத் தோல்பாவைக் கூத்தில் ராமாயணத்துக்கு நடுவே உச்சிக்குடும்பனும் உளுவத்தலையனும் வந்து ஒருவரை ஒருவர் அடித்துக்கொள்வார்கள். ராமனுக்குக் காத்திருக்கும் கூட்டம் அவர்களுக்காகவும் காத்திருக்கும். ஐரோப்பிய நாடோடி நாடகக்காரர்கள் இரண்டு மரப்பட்டைகளைச் சேர்த்துக் கட்டி ஒரு கோல் வைத்திருந்தார்கள். ஓங்கி அடித்தால் பட்டை ஒன்றோடொன்று மோதிப் பெரிய சத்தம் வரும், வலி கொஞ்சம்தான். இவ்வகை நகைச்சுவைக்கு ஆங்கிலத்தில் 'ஸ்லாப்ஸ்டிக்' என்று பெயர் வந்ததே அந்தக் கோலால். சத்தம் அதிகம், வலி குறைவு என்ற ஒப்பந்தம் பார்க்கிறவனுக்கும் தெரிந்திருந்தால்தான் சிரிப்பு வரும்.

நேசமணி வெறும் வில்லன் மேஸ்திரியாக இருந்திருந்தால் இந்தக் காட்சி இத்தனை ஆண்டு தாங்கியிருக்காது. அவன் முதலாளி அல்ல. கீழே கோமாளிக் கூட்டம், மேலே அரண்மனை. உடைந்ததற்கெல்லாம் பதில் சொல்ல வேண்டியவன் அவன்தான். கங்காணியின் நிலையும் ஏறத்தாழ இதுதான். திட்டு வாங்கிவந்து திட்டுகிறவன். அதனால்தான் ரசிகர்கள் அவன் அடிபடும்போது சிரிக்கிறார்கள், மயங்கி விழுந்ததும் 'ஐயோ பாவம்' என்கிறார்கள்.

அந்த 'ஐயோ பாவம்' 2019 மே மாதக் கடைசியில் உலகச் செய்தியானது. பாகிஸ்தானிலிருந்து நடத்தப்பட்டதாகச் சொல்லப்பட்ட ஒரு பொறியியல் முகநூல் பக்கம் சுத்தியல் படத்தைப் போட்டு, உங்கள் நாட்டில் இதற்கு என்ன பெயர் என்று கேட்டது. பெயிண்டிங் கான்ட்ராக்டர் நேசமணியின் மண்டையை உடைத்தது இதுதான் என்று ஒரு தமிழர் விளையாட்டாகப் பதில் எழுதினார். அவர் இப்போது எப்படி இருக்கிறார் என்று இன்னொருவர் விசாரிக்க, தீப்பற்றிக்கொண்டது. நேசமணிக்காகப் பிரார்த்தனை, மருத்துவமனை அறிக்கை பாணியில் கேலி, விசாரணைக் கமிஷன் கோரிக்கை! மே 30-ல் நரேந்திர மோடி இரண்டாம் முறை பிரதமராகப் பதவியேற்ற சமயத்தில் ட்விட்டரில் முன்னணியில் ஓடிக்கொண்டிருந்தது 18 ஆண்டுக்கு முந்தைய ஒரு தலைக்காயம். அப்போது வடிவேலு திரையில் அபூர்வமாகவே தென்பட்டுக்கொண்டிருந்தார் என்பதையும் சேர்த்துப் பார்க்க வேண்டும்.

லாசர் இளையப்பனுக்காக அப்படி யாரும் பிரார்த்தனை இயக்கம் நடத்தவில்லை. மலையாள ரசிகர்களுக்கு நிஜமான கவலை இருந்தது. 2012 மார்ச்சில் நடந்த கார் விபத்தில் ஜகதி படுகாயமடைந்து நடிப்பை நிறுத்த வேண்டியதாயிற்று. பத்தாண்டு கழித்து, 2022-ல் மம்மூட்டியின் 'சிபிஐ 5'-ல் மீண்டும் திரையில் முகம் காட்டினார். இரண்டு சுத்தியலையும் விழவைத்த சித்திக் 2023 ஆகஸ்ட் 8-ல் காலமானார்.

இப்போது ஏலமலையில் வேலைக்கு வருகிறவர்களில் ஜார்க்கண்ட், அசாம், வங்காளத்துக்காரர்களும் இருக்கிறார்கள். அவர்களுக்கு ஜகதியும் தெரியாது, வடிவேலுவும் தெரியாது. சுத்தியல் விழும் காட்சிக்கு மொழிபெயர்ப்பு வேண்டாம். ஆணிக் காட்சிக்குத்தான் பக்கத்தில் இருக்கிறவர் கொஞ்சம் விளக்க வேண்டியிருக்கும்.