கொழுப்பும் அழற்சியும்

கொழுப்பு உடலுக்கு வேண்டாத பொருள் என்னும் எண்ணம் பலரிடம் உண்டு. செல் சவ்வுகள் உருவாகவும், ஏ, டி, இ, கே ஆகிய வைட்டமின்கள் உட்கிரகிக்கப்படவும் கொழுப்பு இன்றியமையாதது. ஒரு கிராம் கொழுப்பு 9 கிலோ கலோரி ஆற்றல் தரும். தேவைக்கு மிஞ்சிய ஆற்றலை உடல், தோலுக்கு அடியிலும் வயிற்று உறுப்புகளைச் சூழ்ந்தும் உள்ள கொழுப்புத் திசுவில் சேமிக்கிறது.

இத்திசு வெறும் சேமிப்புக் கிடங்கு என்றே நெடுங்காலம் கருதப்பட்டது. 1994ஆம் ஆண்டு அமெரிக்காவின் ராக்கஃபெல்லர் பல்கலைக்கழகத்தில் ஜெஃப்ரி ஃப்ரீட்மன் குழுவினர் லெப்டின் என்னும் ஹார்மோனைக் கண்டறிந்தனர். கொழுப்புச் செல்களில் சுரக்கும் இது, சேமிப்பின் நிலையை மூளைக்கு உணர்த்திப் பசியை நெறிப்படுத்துகிறது. கொழுப்புத் திசுவும் செயலாற்றும் ஓர் உறுப்பே என்பது இதனால் தெளிவாயிற்று.

காயம் பட்ட இடம் சிவந்து வீங்குவது அழற்சி எனப்படும். அது உடலின் காப்பு முயற்சி. காயம் ஆறியதும் அடங்கிவிடும். ஆனால், கொழுப்புச் செல்கள் அளவுக்கு மீறிப் பருக்கும்போது அவற்றுள் சில மடிகின்றன. அவற்றை அகற்ற மேக்ரோஃபேஜ் என்னும் விழுங்கு செல்கள் அங்கே குவிகின்றன. அவை வெளியிடும் டி.என்.எஃப். ஆல்ஃபா போன்ற புரதங்கள் இன்சுலினின் செயலைக் குலைக்கின்றன. வலியோ வீக்கமோ இன்றி ஆண்டுக்கணக்கில் நீடிக்கும் இவ்வழற்சி, இரண்டாம் வகை நீரிழிவுக்கும் இதய நோய்க்கும் வழிவகுக்கிறது.

உண்ணும் கொழுப்பின் அளவோடு அதன் வகையும் இதில் பங்கு வகிக்கிறது. சுவீடனின் உப்சாலா பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2014ஆம் ஆண்டு வெளியிட்ட ஆய்வு இதற்குச் சான்றாகும். இயல்பான எடையுள்ள இளையோர் 39 பேர், 7 வாரங்கள் வழக்கமான உணவுடன் மஃபின் என்னும் சிறு கேக்குகளைக் கூடுதலாக உண்டனர். ஒரு பிரிவினரின் கேக்குகள் நிறைவுற்ற கொழுப்பு மிகுந்த பாமாயிலிலும், மற்றவர்களுடையவை நிறைவுறாக் கொழுப்பு மிகுந்த சூரியகாந்தி எண்ணெயிலும் செய்யப்பட்டன. இரு பிரிவினருக்கும் எடை ஏறத்தாழ 1.6 கிலோ கூடியது. எனினும், பாமாயில் பிரிவினருக்குக் கல்லீரலிலும் வயிற்றின் உட்பகுதியிலும் கொழுப்பு மிகுதியாகச் சேர்ந்தது. மற்றவர்களுக்குத் தசை உள்ளிட்ட கொழுப்பற்ற திசு கூடுதலாக வளர்ந்தது. எடைக்கருவி காட்டாத வேறுபாடு இது.

மத்தி முதலிய மீன்களில் உள்ள ஒமேகா 3 கொழுப்பு அமிலங்களிலிருந்து, அழற்சியைத் தணிக்கும் பொருள்களை உடல் உருவாக்கிக்கொள்கிறது. மாறாக, எண்ணெயை ஓரளவு ஹைட்ரஜனேற்றம் செய்யும்போது தோன்றும் டிரான்ஸ் கொழுப்பு இதயத்திற்குப் பெருந்தீங்கு விளைவிக்கிறது. எனவே, 2022 சனவரி முதல் இந்தியாவில் எண்ணெய்களிலும் கொழுப்புகளிலும் அதன் அளவு 2 விழுக்காட்டை மீறக் கூடாது என்று வரையறுக்கப்பட்டுள்ளது.

எந்த எண்ணெயும் அளவுக்கு மிஞ்சினால் எடையைக் கூட்டும் என்பதையும் உப்சாலா ஆய்வு உணர்த்துகிறது. முதலில் அளவறிந்து, பின்னர் வகையறிந்து உண்பதே நலவாழ்வுக்கு உரிய நெறியாகும். பொட்டலத்தின் பின்புறம் அச்சிடப்பட்டுள்ள ஊட்டச்சத்து விவரத்தைப் படிக்கும் பழக்கம் அதற்கு நல்ல தொடக்கம்.