தீட்டு நின்ற வயதும் பிரஷரும்

கடலூரிலிருந்து சிதம்பரம் போகும் வழியில், சிப்காட்டை ஒட்டிய செம்மங்குப்பம் போன்ற ஊர்களில், நாற்பத்தைந்தைத் தாண்டிய பெண் தலை பாரமாக இருக்கிறது, படபடவென்று வருகிறது, தூக்கமே இல்லை என்று சொன்னால், “தீட்டு நிக்கிற வயசு, அப்படித்தான் இருக்கும்” என்று பேச்சை முடித்துவிடுவார்கள். அது பொய்யல்ல. ஆனால் அதே வயதில்தான் இரத்த அழுத்தமும் சத்தமில்லாமல் ஏறுகிறது. பெரும்பாலும் எந்த அறிகுறியும் காட்டாது. மாதவிலக்கு தள்ளிப்போகத் தொடங்கும்போதே பிரஷர் பார்க்கத் தொடங்குவதுதான் சரி.

இந்தியப் பெண்களுக்குச் சராசரியாக 46, 47 வயதில் மாதவிலக்கு நிற்கிறது. மேலைநாடுகளில் இது 51. கர்ப்பப்பையோடு சினைப்பையையும் எடுத்துவிட்டவர்களுக்கு இன்னும் முன்னதாகவே ஈஸ்ட்ரோஜன் வற்றிவிடுகிறது. இரத்தக் குழாய்களைத் தளர்வாக வைத்திருக்க உதவும் இந்தச் சுரப்பு குறைந்தால் குழாய்கள் விறைக்கின்றன, உப்பு உடம்பில் தங்குகிறது, இடுப்பில் இருந்த சதை வயிற்றுக்கு வருகிறது. வயதானால் யாருக்கும் பிரஷர் வரும், இதில் மாதவிலக்கு எங்கே வந்தது என்று கேட்கலாம். வயதுக்கும் எடைக்கும் பெரும் பங்கு உண்டு. எது எவ்வளவு என்று மருத்துவர்களிடையே விவாதமும் உண்டு. ஆனாலும் இளவயதில் ஆண்களைவிடக் குறைவாக இருக்கும் பெண்களின் அழுத்தம், அறுபதுகளில் அவர்களை எட்டிப்பிடித்துத் தாண்டுவதை வயது மட்டும் விளக்கிவிடாது.

2021 ஆகஸ்டில் தொடங்கிய ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டத்தில் தன்னார்வலர் வீட்டுக்கே வந்து பிரஷர் பார்க்கிறார், மாத்திரையும் தருகிறார். களையெடுத்துவிட்டு வந்த கையோடு பார்த்தால் அதிகமாகத்தான் காட்டும் என்பது நியாயமான புகார். ஐந்து நிமிடம் சாய்ந்து உட்கார்ந்து, காலைத் தரையில் ஊன்றி, கையை நெஞ்சு மட்டத்தில் வைத்து, பேசாமல் இருந்து பார்க்க வேண்டும். வேறு வேறு நாளிலும் 140/90க்குக் குறையவில்லை என்றால் அதை ஒதுக்க முடியாது. உப்பு நாளைக்கு 5 கிராமுக்குள், அதாவது தலைதட்டிய ஒரு டீஸ்பூனுக்குள் இருக்க வேண்டும் என்கிறது உலக சுகாதார நிறுவனம். கருவாட்டுக் குழம்பும் ஊறுகாயும் சேர்ந்த நாளில் அது எங்கே நிற்கும்! மாத்திரை தொடங்கினால் ஆயுசுக்கும் விடாது என்று அஞ்சுகிறவர்கள், கட்டுப்படாத பிரஷர் பக்கவாதத்திலும் சிறுநீரகக் கோளாறிலும் கொண்டுபோய் விடும் என்பதையும் கணக்கில் சேர்க்க வேண்டும். அம்லோடிபின் என்ற பிரஷர் மாத்திரையைச் சாப்பிட்டுக் கணுக்கால் வீங்கினால், தானாக நிறுத்தாமல் மருத்துவரிடம் சொன்னால் போதும். மாற்று மாத்திரைகள் இருக்கின்றன.