ஆஸ்பிரினும் குருதிக்குழாய்ச் செல்களின் புரோஸ்டாசைக்ளினும்

திருவண்ணாமலையின் 14 கி.மீ. கிரிவலப் பாதையில் நடப்பவரின் குருதி விரைந்தோடுகிறது. அவ்வுராய்வால் குழாய்களின் அகச்சுவர்ச் செல்கள் புரோஸ்டாசைக்ளினைச் சுரக்கின்றன. 1976இல் ஜான் வேன் குழுவினர் கண்டறிந்த இப்பொருள் ஹார்மோனை ஒத்தது. எனினும் சுரந்த இடத்தருகே செயற்பட்டுச் சில நிமிடங்களில் சிதைவது. இது குழாயை விரிக்கும். குருதித்தட்டுகள் திரள்வதைத் தடுக்கும். தட்டுகள் சுரக்கும் திராம்பாக்சேன் இதற்கு நேர்மாறானது.

இரண்டும் உருவாகச் சைக்ளோஆக்சிஜனேஸ் நொதி தேவை. ஆஸ்பிரின் முடக்குவது அந்நொதியையே. (குருதியை அது நீர்க்கச் செய்வதாகக் கூறும் வழக்கு பொருந்தாது.) அவ்வாறாயின் நன்மை எங்ஙனம் விளைகிறது? உட்கருவற்ற தட்டுகளால் நொதியைப் புதிதாக ஆக்க இயலாது. எஞ்சிய வாழ்நாள் முழுதும், அதாவது 7 முதல் 10 நாள் வரை, அவை திராம்பாக்சேனின்றியே உலவும். உட்கருவுடைய அகச்சுவர்ச் செல்களோ சில மணிநேரத்தில் நொதியை மீள ஆக்கிக்கொள்ளும். மருந்தளவு மிகுந்தால் புரோஸ்டாசைக்ளினும் ஒடுங்கும். இதயநோயாளிக்கு நாளொன்றுக்கு 75 மி.கி. அளவில் மருத்துவர் நிறுத்துவதற்கு இதுவும் ஒரு காரணம்.