சுமைவேலையில் கவனிக்கவேண்டிய விதிகள்

புளியறைச் சோதனைச் சாவடி வழியே ஜல்லியும் எம் சாண்டும் ஏற்றிய லாரிகள் கேரளம் செல்வதை நாம் காண்கிறோம். தறியும் வயலும் ஓய்ந்த நாட்களில் சுமைவேலைக்குச் செல்லும் அங்கத்தினர்கள் சில விதிகளை அறிந்திருத்தல் அவசியம். ஏனெனில், இவ்வேலையின் கேடுகள் பல உடனே தெரிவதில்லை.

ஈரச் சிமெண்டு கடுங்காரமுடையது. தோலில் பட்டவுடன் வலி தோன்றாது. சில மணி நேரம் கழிந்தே புண் தெரியவரும். ஆகவே, எரிச்சலுக்குக் காத்திராமல் மிகுந்த நீர்விட்டுக் கழுவவேண்டும். கையுறையின்றித் தொடலாகாது. இழை பிடிக்கும் விரல் புண்பட்டால் நெசவும் நின்றுவிடும் அன்றோ?

கருங்கல் தூசியிலுள்ள சிலிகா நுரையீரலை அரிக்கும்; அந்நோய்க்கு முழு நிவாரணம் இல்லை. நீர் தெளித்துத் தூசியை அடக்குக. துண்டு கட்டுவது போதாது. தக்க முகமூடி வேண்டும்.

சிமெண்டு மூட்டையின் எடை 50 கிலோ. முழங்காலை மடக்கி, கூடியவரை இருவராகத் தூக்குக. 10 மூட்டைகளுக்கு மேல் அடுக்கலாகாது. அடி மூட்டையை உருவாமல், மேலிருந்தே எடுக்கவேண்டும்.

கையுறையும் முகமூடியும் வேலை தருவோரே இலவசமாக வழங்கவேண்டியவை. தனியே கேட்கத் தயங்குவோர் கூடிக் கேட்பாராக. கூட்டுறவின் பயன் அதுவே.