பஞ்சாங்கத்தில் பதிந்த பெருவிரல்

“இவ்வளவு பேச்சு எதுக்கும்மா? கைரேகை எடுத்துப் பார்த்தா யாருன்னு தெரிஞ்சிடுமே!” என்றாள் ஒன்பதாம் வகுப்பு படிக்கும் என் மகள். அவள் ஆடிக்கொண்டிருந்த கணினி விளையாட்டில் நீதிமன்றம் கூடியிருந்தது. ரியூனோசுகே நருஹோடோ என்ற ஜப்பானிய இளைஞன் கூண்டில் நின்ற சாட்சியைக் குறுக்கு விசாரணை செய்துகொண்டிருந்தான்.

விளையாட்டின் பெயர் ‘த கிரேட் ஏஸ் அட்டர்னி க்ரோனிக்கிள்ஸ்’. ஜப்பானின் கேப்காம் நிறுவனத்துக்காக ஷூ டகுமி இயக்கியது. 2015, 2017 ஆண்டுகளில் ஜப்பானில் வந்த இரு பாகங்களும் 2021இல் ஆங்கிலத்தில் ஒன்றாக வெளிவந்தன. கொலை வழக்கு என்றதும் எந்தத் தாய்க்கும் வரும் தயக்கம் எனக்கும் வந்தது. பக்கத்தில் உட்கார்ந்து பார்த்தேன். துப்பாக்கியோடு ஓடுகிற வேலை ஏதும் இல்லை. பக்கம் பக்கமாகப் படிக்க வேண்டியிருக்கிறது. சாட்சி சொல்வதை ஒவ்வொரு வாக்கியமாகக் கிளறி, எந்த வாக்கியம் எந்தத் தடயத்தோடு முரண்படுகிறது என்று காட்ட வேண்டும். ஆறு ஜூரிகள் உண்டு. அவர்களில் இருவர் பேச்சு ஒன்றோடொன்று மோதும் இடத்தையும் கண்டுபிடிக்க வேண்டும். இதில் வரும் துப்பறிவாளரின் கண் கூர்மையானது, ஆனால் அவர் எட்டும் முடிவு பெரும்பாலும் தவறாகிவிடும். பார்த்தது சரி, அதிலிருந்து ஊகித்தது பிழை. அதைத் திருத்துவது ஆடுபவர் வேலை. பிள்ளைகளுக்கு அறிவியலில் இதைவிடத் தேவையான பயிற்சி எது?

அவள் கேள்விக்கு வருகிறேன். கதை விக்டோரியா ராணி காலத்து லண்டனில் நடக்கிறது. ராணி இறந்தது 1901 ஜனவரியில். லண்டன் காவல்துறையான ஸ்காட்லாந்து யார்டில் கைரேகைக்கென்று தனிப் பிரிவு தொடங்கியது அதே ஆண்டு ஜூலையில்; கதை நடக்கும் காலத்தில் அது இல்லை. அந்தப் பிரிவுக்கு வழி போட்டது லண்டன் இல்லை. ஒரு வழி ஜப்பானிலிருந்து கிளம்பியது, இன்னொன்று நம் நாட்டிலிருந்து.

டோக்கியோவில் மருத்துவமனை நடத்திய ஸ்காட்லாந்து மருத்துவர் ஹென்றி ஃபால்ட்ஸ், பழங்கால மண்பாண்டங்களில் குயவர்களின் விரல் தடங்களைக் கண்டு ஆராயத் தொடங்கினார். 1880இல் ‘நேச்சர்’ இதழுக்கு எழுதிய கடிதத்தில், வெள்ளைச் சுவரில் படிந்திருந்த கரி விரல் தடங்கள் ஒரு வழக்கில் எதிர்மறைச் சான்றாக உதவியதைக் குறிப்பிட்டார். குற்றவாளியைக் காட்ட மட்டுமல்ல, ‘இவர் இல்லை’ என்று காட்டவும் ரேகை பயன்பட்டிருக்கிறது. இது என் மனதுக்கு நெருக்கமான செய்தி.

அதற்கு முன்பே, 1858இல் வங்காளத்தில் வில்லியம் ஹெர்ஷல் என்ற ஆங்கிலேய அதிகாரி, ராஜ்யதர் கொனாய் என்ற ஒப்பந்தக்காரரின் உள்ளங்கைப் பதிவை ஒப்பந்தத்தில் வாங்கியிருந்தார். ஆனால் பதிவு வாங்குவது வேறு, லட்சக்கணக்கான பதிவுகளிலிருந்து ஒன்றைத் தேடி எடுப்பது வேறு. அந்தச் சிக்கலை அவிழ்த்தவர்கள் வங்காள போலீஸில் எட்வர்ட் ஹென்றியின் கீழ் வேலை பார்த்த அசிசுல் ஹக், ஹேம் சந்திர போஸ் என்ற இருவர். ஹக் கணிதம் படித்தவர். ஒரு விரலில் சுழி இருக்கலாம், இல்லாமலும் இருக்கலாம், இரண்டே வாய்ப்பு. பத்து விரலுக்கும் சேர்த்து, பத்து இரண்டுகளைப் பெருக்கினால் 1,024. பதிவுத் தாள்களை 1,024 அறைகளில் பிரித்து வைத்தால், தேட வேண்டியது ஓர் அறையை மட்டும்தான். 1897இல் கல்கத்தாவில் கைரேகைப் பணியகம் அமைந்தது. அந்த முறைதான் லண்டனுக்குப் போனது, ‘ஹென்றி முறை’ என்ற பெயரில். ஹக், போஸ் பெயர்கள் நம் பாடப்புத்தகங்களில் இருக்க வேண்டும்.

மகளுக்கு அதே காலத்து வழக்கு ஒன்றைச் சொன்னேன். 1897இல் ஜல்பைகுரி மாவட்டத்துத் தேயிலைத் தோட்டம் ஒன்றின் மேலாளர் கழுத்தறுபட்டுக் கிடந்தார். பணம் போயிருந்தது. அவர் பெட்டிக்குள் இருந்த வங்காளப் பஞ்சாங்கத்தின் அட்டையில் பழுப்பாக ஒரு கறை. ரத்தம் தோய்ந்த பெருவிரல் பதிந்த தடம். முன்பு அவரிடம் வேலை பார்த்து, திருட்டு வழக்கில் தண்டனை பெற்ற ஒருவரின் ரேகைப் பதிவு ஏற்கெனவே கோப்பில் இருந்தது. இரண்டும் பொருந்தின. 1898இல் தீர்ப்பு வந்தது. திருட்டுக்கு மட்டும் தண்டனை. கொலைக் குற்றம் ஐயமற நிரூபிக்கப்படவில்லை.

“ரத்தக் கையாலதானே தொட்டிருக்கான்!” என்று அவள் கோபப்பட்டாள். தொட்டவர் அவர்தான், ரேகை அதைச் சொல்கிறது. கழுத்தை அறுத்தவரும் அவரேதானா, கூட வேறு யாராவது இருந்தார்களா? அதை ரேகை சொல்லவில்லை. ரேகை சொன்னதற்கு மேல் ஒரு வார்த்தையும் சேர்க்க அந்த நீதிமன்றம் மறுத்திருக்கிறது. ஒரு புது அறிவியல் தன் தொடக்க கால வழக்கு ஒன்றிலேயே இப்படி அளந்து நிறுத்தப்பட்டதை நான் பெரிதாக மதிக்கிறேன்.

லண்டனில் நடந்தது வேறு. 1905இல் டெப்ட்ஃபோர்டு கடைக்காரர் கொலை வழக்கில், பணப்பெட்டித் தட்டில் இருந்த ஒரே ஒரு பெருவிரல் பதிவை முக்கியச் சான்றாக வைத்து அண்ணன் தம்பி இருவரையும் தூக்கிலிட்டார்கள். ஒற்றை விரல் போதுமா என்ற ஐயத்தோடு எதிர்த்தரப்பில் நின்றவர் யார் தெரியுமா? அதே ஃபால்ட்ஸ். அவருடைய அச்சம் வீண் போகவில்லை. 2004இல் மாட்ரிட் ரயில் குண்டுவெடிப்பில் கிடைத்த ரேகையை அமெரிக்காவின் எஃப்.பி.ஐ., ஓரிகன் மாநிலத்து வழக்கறிஞர் ஒருவருடையது என்று கூறி அவரைக் கைது செய்தது. அது வேறொருவருடையது என்று ஸ்பெயின் போலீஸ் கண்டுபிடித்த பிறகு மன்னிப்புக் கேட்டது.

ரேகை உருவாவது கருவில், ஏறத்தாழ பத்தாவது வாரத்துக்குப் பிறகு. விரல் நுனியில் மூன்று இடங்களில் தொடங்கும் வரப்புகள் அலையாகப் பரவி, சந்திக்கும் இடத்தில் வளைவும் சுழியும் ஆகின்றன. இதை எடின்பரோ பல்கலைக்கழகக் குழு 2023இல் விளக்கியது. விரலின் அளவும் வரப்புகள் தொடங்கும் நேரமும் சற்றே மாறினாலும் கோலம் மாறிவிடும். ஒரே சாயலுள்ள இரட்டையருக்கும் ரேகை வேறுபடுவது அதனால்தான். அச்சு இருப்பது மேல்தோலுக்கும் உள்தோலுக்கும் இடைப்பட்ட ஆழத்தில். மேலே தேய்ந்தாலும் அதே கோலம் மறுபடி முளைக்கும்.

ஆனால் முளைக்க நேரம் வேண்டுமே. பழவேற்காடு ஏரியில் இருளர் பெண்கள் ஓலைக்கூடையைப் பல்லில் கடித்தபடி, இடுப்பளவு உப்புத் தண்ணீரில் சேற்றைத் தடவித் தடவி எறா பிடிக்கிறார்கள். நாள் முழுக்க வலை இழுக்கும் கைகளும், எறா ஓடு உரிக்கும் கைகளும் இங்கே ஏராளம். இந்த விரல்களில் வரப்பு வளர்வதைவிடத் தேய்வது வேகம். ஊறிச் சுருங்கிய தோல் கண்ணாடியில் சரியாகவும் படியாது. வரப்பு முடியும் இடங்களையும் பிரியும் இடங்களையும் குறித்துக்கொண்டு ஒப்பிடும் ரேஷன் கடை மிஷினுக்குப் போதிய புள்ளிகள் கிடைப்பதில்லை. “ரேகை விழல, நாளைக்கு வாங்க” என்று திருப்பி அனுப்பப்படும் பெண்களைப் பொன்னேரிப் பக்கத்தில் பார்த்திருக்கிறேன். ஒரு நாள் தொழில் போனால் அவர்களுக்கு அன்றைய வருமானம் போச்சு.

மிஷின் சொல்வது ‘பொருந்தவில்லை’ என்று மட்டுமே. ‘இவர் அவர் இல்லை’ என்று அது சொல்லவில்லை; அதைச் சேர்த்துக்கொள்வது நாம். கையைக் கழுவித் துடைத்து வேறு விரல்களை வைத்துப் பார்க்கலாம். கருவிழிக் கருவிகள் வந்துவிட்டன. ஊரே அறிந்த முகம் எதிரில் நிற்கிறது. இத்தனை சாட்சிகளையும் விசாரித்து, அன்றைக்கே அரிசியை அளந்து கொடுத்து அனுப்புங்கள்.